இறக்கை தொங்கிப்போன விமானங்கள்

1934-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். பின்ஸ் ரோடு என்ற தெருவில் இருந்த மெக்கானோ கம்பெனி, உள்ளங்கையில் அடங்குகிற ஆறு குட்டி விமானங்களை ஒரே பெட்டியில் அடுக்கி விற்க ஆரம்பித்தது. டிங்கி டாய்ஸ் வரிசையில் 60-ஆம் எண் பெட்டி. இம்பீரியல் ஏர்வேஸின் பயணிகள் விமானம், லெப்பர்ட் மாத், பெர்சிவல் கல், தலைக்கு மேல் காற்றாடி சுற்றும் சியர்வா ஆட்டோஜைரோ என்று அந்தக் காலத்தில் வானத்தில் நிஜமாகவே பறந்தவற்றின் உலோக நகல்கள்.

அப்படி ஒரு பெட்டியை யாரோ பத்திரமாக வைத்திருந்து இன்றைக்குத் திறந்தால், பல சமயம் பார்க்கக் கிடைப்பது சோகக் காட்சிதான். இறக்கை இரண்டும் கீழே தொங்கியிருக்கும். மூக்கு உப்பியிருக்கும். பெயிண்ட் முழுக்க மெல்லிய விரிசல்கள். கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரி பொடியும். யாரும் கீழே போடவில்லை, எந்தக் குழந்தையும் மிதிக்கவில்லை. பெட்டிக்குள் படுத்தபடியே செத்திருக்கிறது.

காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "எங்கேயோ பரண்ல போட்டு வச்சிருந்திருக்காங்க, ஈரம் ஏறிடுச்சு." இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். "பி.காம் படிக்கிறவனுக்குப் பொம்மை விமானத்தில் என்னடா வேலை?" என்று கேட்கப்போகும் என் வகுப்பு நண்பர்களுக்கு: நடுவில் இன்சூரன்ஸ் பேப்பர் வரும், பொறுங்கள் :-)

முதலில் உலோகத்துக்கு முந்தைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பொம்மை விமானத்தின் வயது நிஜ விமானத்தைவிட அதிகம். 1871 ஆகஸ்ட் மாதம் பாரிஸின் தூயிலரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பரால் ஓடும் ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். 11 விநாடி, சுமார் 40 மீட்டர். அவருடைய பாணியில் செய்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றை 1878-ல் ஒரு பாதிரியார் தன் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். மூங்கில், கார்க், காகிதம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட்.

காகிதமும் மரமும் ஈரத்தோடு வைத்திருக்கும் உறவு வெளிப்படையானது. பால்சா மரச் சட்டத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒட்டி, 'டோப்' என்ற வார்னிஷ் பூசி இறுக்கிய இறக்கை, மழைக்காலத்தில் தளரும். வெயில் வந்தால் மறுபடி தமுக்கு மாதிரி விறைக்கும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் இந்த வகை விமானம் கட்டுபவர்கள் இறக்கையைச் சுவரில் சாய்த்து வைப்பதில்லை. சமதளமான பலகையில் படுக்கவைத்து நாலு மூலையிலும் பிடிப்புக் கொடுத்து வைப்பார்கள். கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் ஆவி காட்டி நேராக்கிவிடலாம். இங்கே ஈரம் செய்கிற கெடுதலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் முடியும். பூஞ்சையும் பூச்சியும் வேறு கணக்கு.

இனி நம் டிங்கிக்கு வருவோம்.

மெக்கானோ கம்பெனியின் ஆரம்பகால வார்ப்புப் பொம்மைகள் காரீயக் கலவையில் வந்தவை. 1934 வாக்கில் துத்தநாகக் கலவைக்கு மாறினார்கள். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் செம்பு, துளி மக்னீசியம். அமெரிக்காவின் நியூஜெர்சி ஸிங்க் கம்பெனி 1929-ல் இந்தக் கலவைக்கு ஸமாக் என்று பெயர் வைத்தது. நாலு உலோகங்களின் ஜெர்மன் பெயர்களில் இருந்து எடுத்த எழுத்துகள். இங்கிலாந்தில் அதுவே மசாக். 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், அதனால் அச்சு சீக்கிரம் தேயாது. காரீயத்தைவிட எடை குறைவு, உறுதி அதிகம், நுணுக்கமான விவரமும் வரும். பொம்மைக்காரனுக்கு வரப்பிரசாதம்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கலவையில் காரீயம், வெள்ளீயம், காட்மியம் கலந்துவிடக் கூடாது. (நம் வீட்டு ரசத்துக்கான ஈயச்சொம்பு வெள்ளீயம். தண்ணீர்க் குழாயில் பயப்பட வேண்டியது காரீயம். தமிழில் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிவிடுவதால் குழப்பம்.) எவ்வளவு கலந்தால் ஆபத்து? இன்றைய தர நிர்ணயப்படி இந்தக் கலவையில் காரீயம் அதிகபட்சம் 0.005 சதவீதம். 20 கிலோ கலவையில் 1 கிராம்! அதற்கு மேல் போனால், உருகிய நிலையில் கலந்திருந்த காரீயம், உலோகம் உறையும்போது துத்தநாகத்தோடு சேர்ந்திருக்க முடியாமல் அதன் குட்டிக் குட்டிப் படிகங்களுக்கு நடுவே ஒதுங்கிக்கொள்கிறது. செங்கல் சுவரில் செங்கல்லுக்குப் பதில் சுண்ணாம்புப் பூச்சு மட்டும் அரித்துப்போவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடுக்கு வழியாக ஈரம் நுழைந்து அரிக்கும். அரித்துப் பிறந்த பொருளுக்கு அதிக இடம் வேண்டும், அதனால் உலோகம் உப்பும், வளையும், பிளக்கும். இதற்குத்தான் 'ஸிங்க் பெஸ்ட்' என்று பெயர், துத்தநாகக் கொள்ளைநோய்.

கவனிக்க வேண்டியது: 1920-களிலேயே இந்த நோயின் மூலகாரணம் உலோக ஆய்வாளர்களுக்குத் தெரியும். 95 டிகிரி நீராவியில் பத்து நாள் வைத்துப் பார்த்தால் கெட்ட கலவை எது என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார்கள். தீர்வும் தெரியும், 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகம். ஆனால் சுத்தமான துத்தநாகத்துக்கு விலை அதிகம். ஒரே தொழிற்சாலையில் காரீய வார்ப்பும் துத்தநாக வார்ப்பும் நடந்தால் ஒன்றின் கழிவு மற்றொன்றில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேற்பார்வைச் செலவு. நாம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'ஸ்க்ராப்' என்று ஒரு வரியில் கடந்துபோகிறோமே, அதை மறுபடி உருக்கிச் சேர்த்தால் மூலப்பொருள் செலவு குறையும். இங்கே அந்த ஒரு வரிதான் இறக்கைகளைக் கொன்றிருக்கிறது. விற்ற அன்று பொம்மை பளபளவென்றுதான் இருந்தது. அடி விழுந்தது பல ஆண்டுகள் கழித்து, வேறு யாருடைய வீட்டிலோ.

இதற்கு மருந்து கிடையாது. உள்ளே இருக்கும் காரீயத்தை வெளியே எடுக்க முடியாது. காய்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்தால் வேகம் குறையும். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் வேகம் கூடும். அதே பரணில், அதே ஈரத்தில், 1945-க்குப் பிறகு நல்ல கலவையில் வார்த்த டிங்கி விமானம் ஒன்று பக்கத்திலேயே எழுபது வருடம் படுத்திருந்தாலும் பெயிண்ட் உரியலாம், துரு மாதிரி வெள்ளைப் பூச்சு வரலாம், ஆனால் நொறுங்காது. அப்படியானால் குற்றவாளி யார்? ஈரமா, பின்ஸ் ரோடா?

இன்னொன்று. 'கொள்ளைநோய்' என்ற பெயரால் இது ஒன்றில் இருந்து ஒன்றுக்குத் தொற்றும் என்று நம்பி, உடைந்த விமானத்தைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. தொற்றாது. பழங்காலச் சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம், 2000-க்குப் பிறகு வந்த சில மாதிரி ரயில்களிலும் இதே நோய் வந்திருக்கிறது.

நிஜமாகவே தொற்றுகிற நோய் வேறொன்று இருக்கிறது. அது பிளாஸ்டிக் விமானங்களுக்கு வருவது, அதற்கு வாசனையும் உண்டு.

1936-ல் இங்கிலாந்தின் ஃப்ராக் கம்பெனி 'பெங்குவின்' என்ற பெயரில் பிளாஸ்டிக்கில் ஒட்டிச் செய்யும் விமானங்களைக் கொண்டுவந்தது. கம்பெனியின் பறக்கும் பொம்மைகளுக்கு 'தரையில் இருந்து நேராகப் பறக்கும்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே ஃப்ராக் என்ற பெயர். இந்தப் புது வரிசை பறக்காது, அதனால் பெங்குவின். ரசனையான ஆட்கள்! (பிற்காலத்தில் ஃப்ராக்கின் அச்சுகள் பல சோவியத் யூனியனுக்குப் போய்ச் சேர்ந்தது தனிக் கதை, இன்னொரு நாள்.) நிஜ விமானத்தில் 72-ல் 1 பங்கு என்ற அளவு. இந்த அளவைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1932-ன் ஸ்கைபேர்ட்ஸ் மர விமானங்கள். கணக்கு எளிது, நிஜத்தில் ஆறடி இருந்தால் பொம்மையில் ஓர் அங்குலம்.

பெங்குவினின் பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட் குடும்பத்தைச் சேர்ந்தது. பஞ்சில், மரக்கூழில் இருக்கும் செல்லுலோஸை அசெட்டிக் அமிலத்தோடு (அதாவது வினிகரின் அமிலம்தான்) வினைபுரிய வைத்துச் செய்வது. அப்படியே விட்டால் விறைப்பாக இருக்கும், அதனால் வளைந்துகொடுக்க ஒரு எண்ணெய்த்தன்மையான பொருளைச் சேர்ப்பார்கள். காலப்போக்கில் அந்த எண்ணெய் வெளியேறிவிட, பிளாஸ்டிக் சுருங்கி வளையும். பிழைத்திருக்கும் பெங்குவின்களில் நேரான இறக்கையைப் பார்ப்பது அபூர்வம் என்று சேகரிப்பவர்கள் புலம்புவது இதனால்தான்.

இதே பிளாஸ்டிக்கை உலகப்போரில் அமெரிக்கா பெரிய அளவில் பயன்படுத்தியது. அந்தக் கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வானத்தில் தெரியும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று ஒரே பார்வையில் சொல்லச் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்க மாதிரிகள் தேவைப்பட்டன. 72-ல் 1 அளவில் செய்த விமானத்தை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், நிஜ விமானத்தைக் கிட்டத்தட்ட அரை மைல் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் கேட்டது: 50 வகை, வகைக்கு 10,000, மொத்தம் 5 லட்சம் மர விமானங்கள். பிள்ளைகள் மரத்தைச் செதுக்கி, தகட்டு அச்சு வைத்துச் சரிபார்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். நல்ல வேலை செய்தவர்களுக்குப் பதவிப் பட்டமும் சான்றிதழும்!

பிறகு இந்த வேலையைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. சிகாகோவின் க்ரூவர் கம்பெனி, செல்லுலோஸ் அசிடேட்டை அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் தள்ளியது. ஒரே மாதிரி, துல்லியம், வேகம். ஆனால் அந்த க்ரூவர் விமானங்கள்தான் இன்று இறக்கை வளைந்து, உடல் சுருங்கி நிற்கின்றன. பள்ளிக்கூடப் பையன் செதுக்கிய மர விமானத்தில் விரிசல் இருக்கலாம், வால் ஒடிந்திருக்கலாம். உருவம் மாறுவதில்லை. எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இது.

அசிடேட்டின் பிரச்சினை எண்ணெய் வெளியேறுவதோடு நிற்பதில்லை. ஈரமும் சூடும் சேர்ந்தால், செய்யும்போது ஒட்டவைத்த அமிலம் மறுபடி கழன்று வருகிறது. வினிகர் வாடை. கழன்ற அமிலம் பக்கத்து மூலக்கூறிலும் அதே வேலையை வேகப்படுத்துகிறது. ஆரம்பத்தில் பல வருடம் ஒன்றுமே தெரியாது, ஒரு கட்டத்துக்குப் பிறகு சரசரவென்று சரியும். தேய்மானத்தில் குறைந்து செல் மதிப்பு முறை படித்தோமே, முதல் வருடம் அதிகம், போகப் போகக் குறைவு என்று. அதைத் தலைகீழாகப் பிடித்தால் அசிடேட்டின் கணக்கு. மூடிய பெட்டிக்குள் இந்த ஆவி தேங்கினால் பக்கத்தில் இருக்கும் நல்ல அசிடேட்டையும் கெடுக்கும். தொற்றுநோய் என்றால் இதுதான்.

இந்த நோயை உலகம் அதிகம் அறிந்தது பொம்மையால் அல்ல, சினிமாவால். தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் ஃபிலிமுக்கு மாற்றாக 1948-ல் ட்ரைஅசிடேட் ஃபிலிம் வந்தது. பத்து வருடத்துக்குள் "ஃபிலிம் கெடுகிறது" என்று ஈஸ்ட்மன் கோடாக் கம்பெனிக்கு முதல் புகார் போனது எங்கிருந்து தெரியுமா? இந்திய அரசிடம் இருந்து. சூடும் ஈரமும் சேர்ந்த நம் ஊர்ச் சேமிப்பு அறைகள், குளிர்நாடுகளில் பல பத்தாண்டு கழித்து வரவேண்டிய முடிவை முன்கூட்டியே காட்டிவிட்டன. பிற்பாடு அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் கணக்கிட்டபோது, 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் புது ஃபிலிமில் வாடை தொடங்க சுமார் 40 ஆண்டுகள் என்று வந்தது. சென்னையில் நவம்பர் மாதம் 50 சதவீதம் என்ற எண்ணைக் கனவில்தான் பார்க்கலாம். ஃபிலிமுக்குச் சொன்ன வருடத்தை அப்படியே க்ரூவர் விமானத்துக்குப் பொருத்த முடியாது, ஆனால் வேதியியல் ஒன்றுதான்.

ஈரமா, தொழிற்சாலையா என்ற இந்த வழக்கு ஒரு முறை நிஜ விமானத்துக்கே வந்திருக்கிறது. அதுவும் இந்தியாவில்.

டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோ என்பது இரண்டாம் உலகப்போரின் மர விமானம். பிர்ச் பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவில் பால்சா, பசையால் ஒட்டியது. ஒரு வகையில் பெரிய சைஸ் பொம்மை விமானம்தான். ஆரம்பத்தில் பாலில் இருந்து எடுக்கும் கேசின் பசை, பிறகு யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. 1944 நவம்பரில் கீழைப் போர்முனையில் சில மாஸ்கிட்டோக்கள் அடுத்தடுத்து விழுந்தன. ஆட்கள் செத்தார்கள். "பருவமழையும் வெயிலும் பசையைக் கெடுத்துவிட்டன" என்பதுதான் முதல் பேச்சு. கம்பெனித் தரப்பில் இருந்து ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட் தலைமையில் ஒரு குழு இந்தியாவுக்கு வந்து பார்த்துவிட்டு, டிசம்பர் தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தது: காரணம் பசை அல்ல, மழைக்காலத்தில் மரம் சுருங்கியது. அதாவது உங்கள் ஊர் வானிலை. அதன்பின் நடந்த விசாரணைகள் வேறு மாதிரிச் சொல்லின. இங்கிலாந்தில் இருந்த விமானங்களையே பிரித்துப் பார்த்தபோது, பாகங்கள் சரியாகப் பொருந்தாமல் ஒட்டப்பட்டிருந்தது தெரிந்தது. தொழிற்சாலைக் குறை. இடைவெளி விட்டு ஒட்டிய மூட்டு, இங்கிலாந்தின் குளிரில் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கும். நம் ஊர் மழை அதைச் சோதித்துவிட்டது.

இப்போது இன்சூரன்ஸ் பேப்பர். 1963-ஆம் வருட இந்தியக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 55-ஆம் பிரிவு. 1906-ன் பிரிட்டிஷ் சட்டத்தில் இருந்து ஏறக்குறைய வரி மாறாமல் எடுத்தது, பிரிவு எண்கூட அதேதான். பாலிசியில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் ஒழிய, சாதாரணத் தேய்மானம், ஒழுகல், உடைசல், எலி பூச்சியால் வரும் நஷ்டம் இவற்றுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. கூடவே இன்னொன்று: 'இன்ஹெரண்ட் வைஸ்'. சரக்கின் உள்ளேயே இருக்கும் குறை. வெளியில் இருந்து எந்த விபத்தும் வராமல், போகவேண்டிய சாதாரணப் பயணத்தில் தன் இயல்பாலேயே கெட்டுப்போகும் பொருளுக்கு யாரும் நஷ்டஈடு தரமாட்டார்கள். மியூசியங்களில் பழம்பொருள் பாதுகாப்பவர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஒரே குஷி. நாம் பரீட்சைக்காக உருப்போட்ட வார்த்தை, இறக்கை தொங்கிய டிங்கிக்கு நோய்ப் பெயராக இருக்கிறது!

இந்தப் பிரிவின் கீழ் வந்த ஒரு பெயர்பெற்ற வழக்கும் ஈரம் பற்றியதுதான். இந்தோனேசியாவில் இருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் போன சோயா பீன்ஸ், தன்னுள் இருந்த ஈரத்தாலேயே சூடாகிக் கெட்டது. 12 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் கெடாது, 14-க்கு மேல் போனால் நிச்சயம் கெடும், நடுவில் இருந்தால் கெடலாம், கெடாமலும் போகலாம். சரக்கு மாட்டிக்கொண்டது அந்த நடுவில். 1983-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபைவரை போய், பாலிசியிலேயே 'சூடு, வியர்ப்பு' என்று தனியாகச் சேர்த்திருந்ததால் கம்பெனி பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. நம் பரணில் இருக்கும் விமானங்களில் பலவும் அந்த 12-க்கும் 14-க்கும் நடுவில் இருப்பவைதான். உள்ளே குறை இருக்கிறது, கெட்டே தீரும் என்றும் இல்லை. அங்கேதான் நாம் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பது முடிவு செய்கிறது. அதனால் "ஈரம் நிரபராதி" என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கூட்டாளி. முதல் குற்றவாளி இல்லை, அவ்வளவே.

இந்தப் பாகுபாடு ஏன் முக்கியம் என்றால், எல்லா விமானத்துக்கும் ஒரே வைத்தியம் என்று போனால் நல்லெண்ணத்தாலேயே கொன்றுவிடுவோம். ஈரத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடுவது நம் எல்லோரின் முதல் யோசனை. இன்றைக்கு வீடுகளில் இருக்கும் பெரும்பாலான பிளாஸ்டிக் விமானங்களுக்கு அது சரிதான். ஏனென்றால் அவை பாலிஸ்டைரீன். ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1949-ல் ஃபெர்குசன் டிராக்டரை அசிடேட்டில்தான் செய்தது. 1952-ல் கோல்டன் ஹைண்ட் கப்பல், அடுத்த வருடம் ஸ்பிட்ஃபயர் என்று வந்தபோது பாலிஸ்டைரீனுக்கு மாறியிருந்தது. பாலிஸ்டைரீன் தண்ணீரைக் குடிக்காது. வினிகர் வாடை வராது. ஈரம் அதன் உடம்பை ஒன்றும் செய்வதில்லை, மேலே ஒட்டிய டெக்காலையும் இன்னும் ஒட்டாத டெக்கால் தாளையும்தான் பிடிக்கும். தாளும் பசையும்தானே அது. மஞ்சளாகும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்காத கிட் வைத்திருப்பவர்கள் அந்தத் தாளை மட்டும் ஜிப் கவரில் தனியாக எடுத்து வைத்தால் போதும். மஞ்சளாகிவிட்டதா, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் வெளுத்துவிடும். பலரும் செய்து பார்த்த கைவைத்தியம்.

பாலிஸ்டைரீனின் எமன் வேறு. பீரோவில் துணிக்கு நடுவே போடுகிறோமே பாச்சை உருண்டை, அதன் ஆவி இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பூச்சி வராமல் இருக்கட்டும் என்று அம்மா அன்போடு நாலு உருண்டை போட்டால் விமானம் காலி. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரணின் மே மாதச் சூடு இன்னொரு எமன். சில கிட்களில் வரும் மெத்தென்ற பி.வி.சி டயர் மூன்றாவது. அதில் இருந்து கசியும் எண்ணெய், சக்கரத்தையே கரைத்து ஒட்டிவிடும்.

அசிடேட்டை (பெங்குவின், க்ரூவர் போன்றவை கையில் இருக்கும் பாக்கியசாலிகளுக்கு) மூடிவைக்கவே கூடாது. காற்றோட்டம் வேண்டும், மற்றவற்றில் இருந்து தனியாக, வீட்டிலேயே குளிர்ந்த அறையில். ஃபிலிம் காப்பகங்களில் அமிலம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு காகிதப் பட்டை வைப்பார்கள், நீலத்தில் இருந்து பச்சையாகி, மஞ்சளாகும். அது கிடைக்காவிட்டால் மூக்கு போதும். அதே அமில ஆவி காரீயத்தையும் வெள்ளைப் பொடியாக்கும், அதனால் பழைய காரீயச் சக்கரமோ காற்றாடியோ வைத்த மர விமானம் அதன் பக்கத்தில் வேண்டாம். ஓக் போன்ற சில மரங்களில் இருந்தும் இந்த அமிலம் கசியும். அமெரிக்கக் கடற்படையின் மாதிரிக் கப்பல் சேகரிப்பில் மரப்பெட்டிக்குள் இருந்த குட்டிக் காரீயப் பீரங்கிகளும் நங்கூரங்களும் அப்படித்தான் பொடியாயின.

எல்லாவற்றுக்கும் பொதுவானவை கொஞ்சம்தான். வெளிச்சுவரை, குறிப்பாகக் குளியலறைச் சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் ஒரு கை இடைவெளி விடுங்கள், ஓதம் அங்கிருந்துதான் வரும். தரையில் வைக்காதீர்கள். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மையும் ஒட்டும். மெத்து ஸ்பாஞ்ச் சில வருடத்தில் பிசுபிசுத்து ஒட்டும். குமிழிப் பிளாஸ்டிக் கவர் பெயிண்ட்டில் வட்ட வட்டமாகத் தடம் போடும். கஞ்சி போடாமல் பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணி இவை எல்லாவற்றையும்விட மேல். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய டப்பாவுக்குள்தான் வேலை செய்யும், திறந்த அலமாரியில் போட்டால் ஊருக்கே ஈரம் உறிஞ்சிக்கொண்டு ஒரே வாரத்தில் நிறைந்துவிடும். நிறம் மாறியதும் சூடேற்றிக் காயவைத்து மறுபடி போடவேண்டும். பத்து ரூபாய்க்கு வாங்கிப் பத்து வருடம் மறந்துவிடும் சமாச்சாரம் அல்ல.

போருக்கு முந்தைய துத்தநாக விமானம் யாரிடமாவது இருந்தால் இரண்டு வேலை. இறக்கையின் அடியில் துணியை உருட்டித் தாங்கல் கொடுத்து, காய்ந்த டப்பாவில் படுக்கவைப்பது ஒன்று. எல்லாப் பக்கத்தில் இருந்தும் தெளிவாகப் போட்டோ எடுத்து, இறக்கை நுனியில் இருந்து நுனிவரை அளந்து தேதியோடு எழுதிவைப்பது இன்னொன்று. அடுத்த வருடம் அதே மாதம் மறுபடி அளந்து பாருங்கள். அளவு கூடியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது.